ஞாயிற்றுக்கிழமைச் சங்கு

அகஸ்டினாவின் வலது தோள் சனிக்கிழமை சாயந்திரமே இறுகிப்போயிருந்தது. கையைத் தூக்கித் தலைமுடியைக்கூட முடிய முடியவில்லை. ஆறு நாள் கொழுந்து பறித்த தோள் அது. ஞாயிறு ஒரு நாள் சும்மா கிடந்தால்தான் திங்கட்கிழமை மறுபடியும் கூடையைத் தாங்கும். தைலம் தேய்த்துக்கொண்டு படுத்தவளை விடிந்ததும் விடியாததுமாக மகள் லக்ஷிகா உலுக்கி எழுப்பினாள்.

"அம்மா, நீங்க வராட்டி சேர் எங்கள கூட்டிட்டுப் போக மாட்டாராம். பொம்பளப் புள்ளைங்க ஏழு பேரு இருக்கோம், ஒரு அம்மாவாவது கூட வரணுமாம்."

"இந்தத் தோட்டத்துல வேற அம்மாவே இல்லையா?"

"எல்லாருக்கும் இடுப்பு வலியாம்."

"எனக்கு மட்டும் இடுப்பு இல்லையா?"

"உங்களுக்குத் தோள்தானே வலிக்குது" என்றாள் மகள்.

அகஸ்டினாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபோதும் தோள் வலித்தது. எழுந்து ரொட்டிக்கு மா பிசைந்தாள், இடது கையால்.

கொஸ்லந்தைக்கு மேலே இருக்கும் அந்தத் தோட்டத்தில் ஷெல்டன் சேர்தான் சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர். அவரும் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவர்தான். ஒன்பது வருடமாகத் தொண்டர் ஆசிரியர், நிரந்தர நியமனம் இன்றைக்கு வரும் நாளைக்கு வரும் என்று காத்திருந்தார். பரீட்சை முடிந்ததும் எல்லோரையும் மீன் பிடிக்கக் கூட்டிப் போவதாக வருடத் தொடக்கத்தில் வாயை விட்டிருந்தார், பிள்ளைகள் அதை விடவில்லை. தோட்டத்துப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர், பதின்மூன்றாவதாக ஸவாஹிரா. பெரகலயில் கடை வைத்திருக்கும் பாறூக்கின் மகள். ஷெல்டன் சேரின் கணக்கு வகுப்புக்காகவே ஒவ்வொரு சனியும் பஸ் ஏறி வருகிறவள்.

அவர்கள் போன இடம் கரண்ட் கம்பெனியின் அணைக்குக் கீழே. கம்பெனிக்காரர்கள் எட்டு வருடத்துக்கு முன் ஆற்றை மறித்துச் சின்ன அணை கட்டினார்கள். தண்ணீர் முழுவதும் வாய்க்கால் வழியாக மலையைச் சுற்றிப் போய் அடிவாரத்துப் பவர் ஹவுஸில் இறங்குகிறது. நடுவில் அரை மைலுக்கு ஆறு வெறும் பாறையும் குட்டையுமாகக் கிடக்கும். அந்தக் குட்டைகளில் அகப்பட்டுக்கொண்ட மீன்களுக்கு மேலேயும் போக வழியில்லை, கீழேயும் போக வழியில்லை. பிடிப்பது சுலபம். கரையில் மூன்று மொழியிலும் ஒரு பலகை: சங்கு ஊதினால் உடனே ஆற்றை விட்டு வெளியேறவும். பையன்கள் அதன் மேல்தான் துவாய்களைக் காயப்போட்டார்கள்.

மூங்கில் கழி, தங்கூசி நூல், மாட்டுப்பட்டிச் சாணிக் குழியில் தோண்டிய மண்புழு ஒரு பால்மா டின் நிறைய. ஸவாஹிரா புழுவைக் கண்டதும் நாலடி தள்ளிப்போய் நின்றாள்.

"நீ கடைக்காரர் மக, எல்லாமே பேக்கெட்டுல வரும்னு நெனச்சியா?" என்று லக்ஷிகா கேட்டாள்.

"புழு போட்டுக் குடு. மீன நான் புடிக்கிறேன். சரி பாதி."

"பாதிப் புழுவா, பாதி மீனா?"

ஷெல்டன் சேர் முதல் வீச்சிலேயே தன் தொப்பியைப் பிடித்தார். இரண்டாவது வீச்சில் பின்னால் நின்ற கொய்யா மரத்தைப் பிடித்தார். "சேர், மரம் பெருசா இருக்கு, உப்பு மொளகா போட்டு வறுக்கலாம்" என்று ஒருத்தன் கத்த, குட்டைகளைத் தாண்டிச் சிரிப்பு எழும்பியது. பதினொரு மணிக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒன்பது திலாப்பியா வாளியில் துள்ளின. அகஸ்டினா ஆற்றின் நடுவே இருந்த தட்டையான பெரிய கல்லில் உட்கார்ந்து, முதுகில் வெயில் படும்படி திரும்பிக்கொண்டாள். மூன்று கல் தாவினால் அங்கே போய்விடலாம். பெண்பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக அங்கேயே வந்து சேர்ந்தார்கள். பையன்களும் சேரும் அக்கரைக் குட்டையில் இருந்தார்கள்.

அப்போது சங்கு ஊதியது.

நீளமாக ஊதியது. அகஸ்டினாவின் வயிறு அதைக் காதுக்கு முன்னால் கேட்டது. இருபது வருடமாகப் பகல் பன்னிரண்டுக்கு ஃபெக்டரிச் சங்கு ஊதும், கூடை இறங்கும், அவள் உட்காருவாள். யாரும் சொல்ல வேண்டியதில்லை, முழங்கால் தானாக மடங்கும். அன்றைக்கும் அவளுடைய கை ரொட்டிப் பொட்டலத்துக்குப் போனது.

"சங்கு ஊதிருச்சு. தூண்டில வச்சிட்டு வாங்க புள்ளைங்களா, ஒக்காந்து சாப்புடுங்க."

அக்கரையிலிருந்து ஷெல்டன் சேர், "அதுக்குள்ள பன்னெண்டா?" என்றார். அவரும் பையன்களும் நின்ற இடத்திலேயே பொட்டலத்தைப் பிரித்தார்கள். சங்குக்குச் சோறு என்பது அத்தனை பேருடைய உடம்பிலும் ஊறிப்போனது. ஸவாஹிரா மட்டும் நின்றுகொண்டிருந்தாள்.

"ஆன்ட்டி, இன்னைக்கு ஞாயித்துக்கெழமைதானே? ஃபெக்டரி இருக்கா?"

"சங்குக்கு ஞாயிறு திங்கள் தெரியுமா? ஒக்காரும்மா. சம்பல் காரமா இருக்கும், பாத்துச் சாப்புடு."

ஸவாஹிரா உட்கார்ந்தாள். பெரியவர்கள் சொன்னால் உட்காரும் பிள்ளை.

பத்து நிமிடம் இருக்கும். முதலில் குட்டைகளுக்கு இடையே இருந்த மணல் நனைந்து கறுத்தது. பிறகு குட்டைகள் ஒன்றோடொன்று சேர்ந்தன. மேலே எங்கோ லொறியில் கல் கொட்டுவது போன்ற சத்தம். அகஸ்டினா தலையைத் தூக்கியபோது ப்ளேன்டீ நிறத்தில் தண்ணீர் வளைவைத் திரும்பிக்கொண்டிருந்தது. மேல் மலையில் இரண்டு நாளாகப் பெய்த மழைத் தண்ணீர் அது.

தாவி வந்த மூன்று கல்லும் கண் முன்னே காணாமல் போயின. தட்டைக் கல்லில் எட்டுப் பேர், அவளும் ஏழு பெண்பிள்ளைகளும். ஷெல்டன் சேர் அக்கரையில் பையன்களை மேலே ஏற்றிவிட்டு, இங்கே பார்த்து ஏதோ கத்தினார். ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர் கல்லின் விளிம்பைத் தொட்டது. ரொட்டிகள் மிதந்து போயின. மீன் வாளி ஒருமுறை சுற்றி, கவிழ்ந்து போனது.

ஸவாஹிரா பயத்தில் தாவிவிட்டாள். கல் இருந்த இடத்தை நினைப்பில் வைத்துத் தாவினாள், கல் அங்கேதான் இருந்தது, ஆனால் முழங்காலளவு தண்ணீருக்கு அடியில் வழுக்கலாக இருந்தது. கால் இரண்டு பாறைக்கு நடுவே மாட்டிக்கொள்ள உடம்பு மட்டும் சாய்ந்தது. அவள் போட்ட சத்தத்தைக் கேட்டு லக்ஷிகா இறங்கினாள். அகஸ்டினா மகளின் சட்டையைப் பிடித்தாள், வலது கையால். தோள் தாங்கவில்லை. விரல்கள் தாமாக விரிந்தன. சட்டை நழுவிப் போனதை அவள் பார்த்தாள்.

அப்புறம் நடந்ததை அவள் துண்டு துண்டாகத்தான் பார்த்தாள். அணைப் பக்கத்துச் சரிவிலிருந்து ஒருவன் உருண்டு வருவது போல இறங்கினான். ஜீவன். அணையில் கதவு திறந்து மூடுகிற வேலை அவனுக்கு. இடுப்பில் கதவுக் கயிறு, மறுமுனை மரத்தில். அவன் தண்ணீருக்குள் போனான், காணவில்லை, தலை தெரிந்தது, லக்ஷிகாவின் பின்னல் அவன் கையில் இருந்தது. ஸவாஹிராவின் காலை உருவி எடுத்தபோது அவள் கத்திய கத்தல் ஆற்றுச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. இரண்டு பேரையும் கரையில் போட்டுவிட்டு அவன் திரும்ப வந்தான். கல்லில் இருந்த ஒவ்வொருத்தியையும் கயிற்றில் கட்டி, தன் முதுகில் சாய்த்து, ஆறு முறை போனான், ஆறு முறை வந்தான். கடைசியாக அகஸ்டினா.

"பவர் ஹவுஸ் நின்னுருச்சுக்கா. வாய்க்கால மூடித்தான் ஆகணும், மூடுனா தண்ணி ஆத்துலதான் வரும்" என்றான். அவனுடைய பற்கள் அடித்துக்கொண்டன. "சங்க ஊதிட்டு, பத்து நிமிசம் வச்சுத்தானே மூடுனேன். கேக்கலையாக்கா?"

அகஸ்டினா வாயைத் திறந்தாள். அவளுடைய பற்களும் அடித்துக்கொண்டன. லக்ஷிகா கரையில் குப்புறக் கிடந்து தண்ணீர் கக்கிக்கொண்டிருந்தாள். அவள் மகளிடம் ஓடினாள். பதில் சொல்லாமல் ஓடியது அப்போது ஒரு குற்றமாகத் தெரியவில்லை.

ஸவாஹிராவின் வலது கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. பதுளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். செவ்வாய்க்கிழமைக்குள் கேள்வி ஒன்றே ஒன்றாகச் சுருங்கிவிட்டது: சங்கு ஊதியதா, இல்லையா?

லயம் மலைக்கு அந்தப் பக்கம், அணையின் சின்னச் சங்கு அங்கே யாருக்கும் கேட்டிருக்காது. ஜீவன் சங்கு ஊதிய நேரத்தை அணைக் குடிலில் இருந்த கொப்பியில் எழுதித்தான் இருந்தான். ஆனால் பிள்ளைகளைக் கரை சேர்த்துவிட்டு வந்து, இரண்டரை மணிக்கு, ஈரக் கையால் எழுதினான். மை பரவியிருந்தது. நடந்த பிறகு எழுதியது என்றார் கம்பெனியின் எஞ்சினியர். அது உண்மைதான். அதோடு கதவை விட்டுவிட்டு ஓடியதும் தப்பு என்றார்கள். வேலையை நிறுத்தி வைத்தார்கள். வெள்ளிக்கிழமை விசாரணை. சங்கு ஊதவில்லை என்று முடிவானால் பொலிசுக்குப் போகும்.

செவ்வாய்க்கிழமை மடுவத்தில் கொழுந்து நிறுத்து முடிந்ததும் ஷெல்டன் சேர் கீழே வழியில் நின்றார். சவரம் செய்யாத முகம்.

"அக்கா, தண்ணிச் சத்தத்துல யாருக்கும் ஒண்ணும் கேக்கலன்னுதான் புள்ளைங்க எழுதிக் குடுத்திருக்கு."

"தண்ணி அப்புறம்தானே சேர் வந்துச்சு."

"அக்கா." அவர் சுற்றிலும் பார்த்தார். "ஒம்போது வருசம். இந்த மாசம் நியமன லிஸ்ட் வருது. புள்ளைங்கள ஆபத்துல வச்சிருந்தாருன்னு ஒரு பேப்பர் போனாப் போதும், என் பேர வெட்டிருவாங்க. நான் போனா இங்க யாரு வருவா கணக்குச் சொல்லிக் குடுக்க? நீங்களே சொல்லுங்க."

உண்மையிலேயே யாரும் வர மாட்டார்கள்.

"இன்னொண்ணு" என்றார், கீழே பார்த்துக்கொண்டு. "ஒக்காந்து சாப்புடுங்கன்னு சொன்னது நீங்கதான். நான் சொல்ல மாட்டேன். ஆனா சங்கு ஊதுச்சுன்னு வந்துட்டா, அடுத்த கேள்வி அதுதான். மத்த ஆறு அம்மாமாரும் ஒங்க வாசல்லதான் வந்து நிப்பாங்க. லக்ஷிகா பதுளைக்குப் படிக்கப் போற நேரம்."

மிரட்டுகிறாரா, கெஞ்சுகிறாரா என்று அவளால் பிரிக்க முடியவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது. கண்கள் கலங்கியிருந்தன.

வீட்டில் லக்ஷிகா போர்வைக்குள் இருமிக்கொண்டிருந்தாள்.

"நீயும் எழுதிக் குடுத்தியா?"

"ம்."

"என்னான்னு?"

"எல்லாரும் எழுதுனததான்." சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு சொன்னாள்: "ஒங்களுக்காகத்தான் எழுதுனேன். சேருக்காக இல்ல."

அந்த ஒரு பேச்சோடு கதவு வெளியிலிருந்து பூட்டப்பட்டது போலிருந்தது அகஸ்டினாவுக்கு. இனி அவள் உண்மை சொன்னால் மகள் பொய்க்காரி.

புதன்கிழமை மேல் மலையில் பறித்தார்கள். ஜீவனின் மனைவி யசோதினிக்கு அகஸ்டினாவின் பக்கத்து நிரை. வேறு நிரை கேட்டிருக்கலாம். கங்காணி என்ன ஏது என்று கேட்பான். அகஸ்டினாவின் வலது கை செடி மட்டத்துக்கு மேல் எழவில்லை, இடது கையால் கிள்ளிக் கிள்ளிப் போட்டாள். பத்து மணி ஆகியும் கூடையின் அடிகூட மறையவில்லை.

யசோதினி நிரையைத் தாண்டி வந்து, தன் கூடையிலிருந்து இரண்டு கை கொழுந்தை அள்ளி அவளுடைய கூடையில் போட்டாள். ஒருத்திக்கு முடியாதபோது பக்கத்து நிரைக்காரி செய்வதுதான்.

"வேணாம் யசோ."

"இருக்கட்டும்க்கா. இந்தக் கையோட நாள் சம்பளத்துக்குப் பதினெட்டுக் கிலோ எப்படி எடுப்பீங்க?" மறுபடியும் ஒரு அள்ளு. "இவரு ராவெல்லாம் தூங்கல்ல. பொத்தான அமுக்குனேன், ஊதுச்சு, அமுக்குனேன், ஊதுச்சுன்னு ஒரே பேச்சு. பைத்தியம் மாதிரி. ஒண்ணும் பயப்படாதீங்க, வெள்ளிக்கெழம அகஸ்டினாக்கா வர்றாங்கன்னு சொல்லி வச்சிருக்கேன். புள்ளைங்க பயந்து ஆளுக்கு ஒண்ணு சொல்லும். நீங்க பெரியவங்க. அதுவும் லக்ஷிகாவ..." மிச்சத்தைச் சொல்லாமல் விட்டாள். சொல்லிக் காட்டுவது போல் ஆகிவிடும் என்று நினைத்திருப்பாள்.

அகஸ்டினா செடியின் மேலேயே கண்ணை வைத்திருந்தாள். அந்தப் பக்கம் சரிவு, இந்தப் பக்கம் யசோதினி, முன்னால் முடியாத நிரை.

பன்னிரண்டுக்கு ஃபெக்டரிச் சங்கு ஊதியது. பெண்கள் கூடையை இறக்கினார்கள். அவளுடைய முழங்கால் மடங்கப் பார்த்தது. அவள் மடங்க விடவில்லை. நின்றபடியே ரொட்டியைப் பிய்த்துத் தின்றாள்.

வெள்ளிக்கிழமை விசாரணை அணைக்குப் பக்கத்தில், கம்பெனியின் தகர ஒஃபிஸில் நடந்தது. மேசைக்குப் பின்னால் எஞ்சினியரும் கொழும்பிலிருந்து வந்த ஒரு பெரியவரும். இரண்டு பேருக்கும் தமிழ் வராது. தோட்டத் தலைவர் அழகையா மொழிபெயர்த்தார். தொழிற்சங்கத்தில் முப்பது வருடம் இருந்தவர், நெஞ்சு நிமிர்த்தித்தான் உட்காருவார். ஒரு மூலையில் பாறூக், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு. ஜீவன் வெளியே நின்றான். உள்ளே கூப்பிடவில்லை. கதவு திறந்துதான் இருந்தது.

பாறூக் முதலில் பேசினார். "எம் மகள் சங்கு கேட்டதாச் சொல்றா. சேர் இல்லேங்கிறார். ஊசி மயக்கத்துல சொல்றான்னும் சொல்றார். எனக்கு யாரையும் புடிச்சிக் குடுக்கணும்னு இல்ல. நடந்தது என்னன்னு தெரியணும், அவ்வளவுதான்." அகஸ்டினாவின் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, நீங்க எம் பிள்ளைக்குப் பக்கத்துல இருந்தீங்க. உங்க மகளும் தண்ணியில போனவ. நான் சத்தியம் கேக்கல்ல. நீங்க சொன்னா ஏத்துக்கிறேன். சங்கு ஊதுனுச்சா?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ஷெல்டன் சேர் தன் கைகளைப் பார்த்தார்.

அவள் அந்த வாரம் முழுவதும் இரண்டு பதிலையும் மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள். ஊதுச்சுங்க என்று சொன்னால் ஆறு அம்மாமார், சேரின் லிஸ்ட், சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் லக்ஷிகா. கேக்கலைங்க என்று சொன்னால் ஜீவன். அந்தப் பக்கம் அத்தனை பேர், இந்தப் பக்கம் ஒருத்தன். அந்த ஒருத்தன்தான் மகளின் பின்னலைப் பிடித்தவன்.

"கேக்கலைங்க" என்றாள்.

அழகையா அதைச் சிங்களத்தில் சொன்னார். அவள் சொன்னது ஒரு சொல், அவர் சொன்னது நீளமாக இருந்தது. சங்கு ஊதவே இல்லை, பிள்ளைகளுக்கு எந்த எச்சரிக்கையும் கிடைக்கவில்லை என்ற மாதிரி ஏதோ. அவளுக்குப் பாதி புரிந்தது. அப்படிச் சொல்லலீங்க, எனக்குக் கேக்கலைன்னு மட்டும்தான் சொன்னேன் என்று திருத்த நினைத்தாள். பொய்யைத் திருத்தி என்ன செய்ய? தாளை நீட்டினார்கள். வலது கை எழவில்லை, இடது கையால் வலது மணிக்கட்டைத் தூக்கி மேசையில் வைத்துத்தான் கையெழுத்துப் போட்டாள்.

பேனாவை வைப்பதற்குள் மலைக்கு அந்தப் பக்கமிருந்து சங்கு ஊதியது. நீளமாக, தேய்ந்து, ஆனால் தெளிவாக.

கொழும்புப் பெரியவர் நிமிர்ந்து ஏதோ கேட்டார்.

"ஃபெக்டரிச் சங்கு சேர், பன்னெண்டு மணிக்கு" என்று அழகையா சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார். பெரியவர் தலையாட்டிவிட்டுக் கோப்பைக் கட்டினார். வேறு யாரும் ஒன்றும் யோசிக்கவில்லை. பாறூக் மட்டும் தொப்பியைக் கையில் பிடித்தபடி அப்படியே இருந்தார்.

மற்றவர்கள் வெளியே போன பிறகு அவர் மெதுவாகச் சொன்னார்: "மலைக்கு அங்கிட்டு இருந்து ஊதுறது இங்க இவ்வளவு நல்லாக் கேக்குது."

அகஸ்டினா முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

"எம் பிள்ளையோட கால் ஆறு மாசத்துல ஒட்டிரும் தங்கச்சி. டொக்டர் சொல்லிட்டார்." எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டார். "அந்தத் தம்பிக்குத்தான் எப்படி ஒட்டும்னு தெரியல்ல."

அவர் போய்விட்டார். மேசையில் தாள் இல்லை, எஞ்சினியர் எடுத்துப் போயிருந்தார். ஓடிப்போய் அந்தத் தாளைக் கேட்கலாம் என்று ஒரு எண்ணம் வந்தது. வாசல் வரைக்கும் போனாள். எஞ்சினியரின் ஜீப் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது.

ஜீவன் படிக்கட்டுக்குக் கீழே நின்றான். உள்ளே நடந்ததெல்லாம் அவனுக்குக் கேட்டிருக்கும். கயிறு உரசிய காயம் இரண்டு உள்ளங்கையிலும் கறுத்துக் காய்ந்திருந்தது. திட்டுவான் என்று நினைத்தாள். திட்டினால் தேவலை என்றும் நினைத்தாள்.

"லக்ஷிகாவுக்கு இருமல் விட்டுருச்சாக்கா?" என்றான்.

"கொஞ்சம் பரவாயில்ல தம்பி."

"கொத்தமல்லித் தண்ணி குடுங்க." அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அணைப் பக்கம் பார்த்தான். அங்கே வேறொருவன் கதவுச் சக்கரத்தைத் திருகிக்கொண்டிருந்தான். "நான் ஊதுனேன்க்கா" என்றான், அவளிடம் சொல்வது போலவும் இல்லை. பிறகு மேட்டில் ஏறிப் போனான்.

அவள் ஒத்தையடிப் பாதையில் லயத்தைப் பார்த்து நடந்தாள். பாதை ஆற்றை ஒட்டித்தான் போகும், வேறு வழி கிடையாது. கீழே தட்டைக் கல் காய்ந்து வெயிலில் கிடந்தது. பலகை மேல் யாரோ ஒரு பையன் விட்டுப்போன துவாய் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. நாளைக் காலை, வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் யசோதினி நிற்பாள். பக்கத்து நிரைதான். ஒருவேளை மறுபடியும் கொழுந்து அள்ளிப் போடுவாள், ஒருவேளை போட மாட்டாள்.

ஜீவனுக்கு அவள் கொடுக்க வேண்டியது இன்னும் அப்படியே பாக்கி நிற்கிறது: சங்கு ஊதுச்சு, நான் கேட்டேன், நான்தான் புள்ளைங்கள ஒக்காரச் சொன்னேன்.